எத்தனை மட்டைகள் போதும்?

இல்லறத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு பொருள் உரியது என்ற கேள்வி ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் வருகிறது. யுதிஷ்டிரருக்கு இல்லற தர்மத்தை விளக்கும் நாரத முனிவர், அங்கே ஓர் அளவுகோலைத் தருகிறார். அந்த அளவுகோல் வயிறு. வயிறு நிறைவதற்கு வேண்டிய அளவுக்கே ஒருவனுக்கு உரிமை உண்டு. அதற்கு மேலானதைத் தன்னுடையது என்று கொண்டாடுபவனை அவர் கள்வர் வரிசையில் வைத்துவிடுகிறார்.

உணவைப் பொறுத்தவரை இந்த அளவுகோல் பிழைபடுவதே இல்லை. எத்தனை பெரிய விருந்தானாலும் ஒரு கட்டத்தில் இலையை மறித்துக் கை நீளுகிறது. 'போதும்' என்ற சொல்லை நாம் கற்றுக்கொண்டதே பந்தியில்தான். ஆனால் வயிற்றுக்குள் போகாத பொருள்களுக்கு இந்தச் சொல்லை யார் சொல்வது? புடவைக்கும் பேனாவுக்கும் கைக்கடிகாரத்துக்கும் வயிறு எது? கண்தான் என்றால், கண்ணுக்குச் செரிமானக் கோளாறு வருவதில்லை. அது எத்தனை பார்த்தாலும் மறுநாளும் பசியோடு எழுகிறது.

இதை ஆராய ஒரு சின்னஞ்சிறு பொருளை எடுத்துக்கொள்வோம்: இறகுப்பந்து மட்டை. ஆன்மிக இதழில் விளையாட்டு மட்டைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வியக்கலாம். பொன்னாசை, மண்ணாசை பற்றிப் பேசும்போது நாம் அனைவரும் பக்தியோடு தலையசைக்கிறோம். அது வேறு யாரையோ பற்றிய பேச்சு என்று உள்ளூர நம்புகிறோம். நூறு கிராம் எடைகூட இல்லாத ஒரு மட்டையில் அதே ஆசை குடியேறும்போது அதை அடையாளம் காண்பது கடினம். ஆகவேதான் அங்கே அதைப் பார்ப்பது பயனுள்ளது.

இந்த ஆட்டத்துக்கும் நம் நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூனா நகரில் தங்கியிருந்த ஆங்கிலேய அதிகாரிகள் இதை ஆடி, விதிகளை வகுத்தார்கள். 'பூனா' என்பதே ஒரு காலத்தில் இந்த ஆட்டத்தின் பெயராகவும் வழங்கியது. 1980இல் பிரகாஷ் படுகோனேயும் 2001இல் புல்லேலா கோபிசந்தும் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்றனர். 2012இல் சாய்னா நேவால் லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2016இல் பி.வி. சிந்து ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் பெற்றனர். 2022இல் நம் ஆடவர் அணி தாமஸ் கோப்பையைக் கொண்டுவந்தது. இன்று குவாஹாட்டி முதல் கொச்சி வரை அடுக்ககங்களின் முற்றங்களில் வலை கட்டப்பட்டிருக்கிறது. குளிர்காலம் வந்தால் தில்லியிலும் கொல்கத்தாவிலும் தெருமுனையில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டு இரவில் ஆடுகிறார்கள். நல்லது. உடலுக்கும் நல்லது, அண்டை அயலாரின் உறவுக்கும் நல்லது.

நாக்பூரில் வசிக்கும் அன்பர் ஒருவரை நான் அறிவேன். மத்திய அரசுப் பணியில் பொறுப்பான பதவி வகிப்பவர். அதிகாலையில் எழுந்து ஜபம் முடித்துவிட்டுத்தான் ஆட்டக்களத்துக்குப் போவார். அவரது அலமாரியில் பத்தொன்பது மட்டைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்வார். இது தலைப்பக்கம் கனமானது, ஓங்கி அடிப்பதற்கு. இது 80 கிராமை ஒட்டிய எடை, இரட்டையர் ஆட்டத்தில் கை விரைவாகத் திரும்புவதற்கு. இதன் தண்டு வளையும், அதன் தண்டு வளையாது. இது தள்ளுபடியில் வந்தது. இந்த மூன்றும் ஒரே வகைதான். அந்த வகையைத் தயாரிப்பதை நிறுத்திவிடுவார்களோ என்று எண்ணி வாங்கியது.

ஒருநாள் அவரே கேட்டார்: "நான் யாருடைய பணத்தையும் எடுக்கவில்லை. குடி இல்லை, சூது இல்லை. வீட்டுக்குச் செய்யவேண்டியதில் குறை வைத்ததில்லை; மடத்துக்கு என்னால் இயன்றதைத் தருகிறேன். அலமாரியில் சும்மா கிடக்கும் மட்டை யாருக்கு என்ன தீங்கு செய்கிறது, சொல்லுங்கள்."

இது நேர்மையான கேள்வி. 'ஆசை கூடாது' என்ற ஒரு வரியால் இதை வாயடைத்துவிடுவது நியாயமாகாது.

அபரிக்கிரகம் என்பது பதஞ்சலி முனிவர் கூறும் ஐந்து யமங்களில் இறுதியானது. யோக சூத்திரத்துக்கு உரை வகுத்த வியாசர், பொருள்களை ஏற்காதிருப்பதற்கான காரணத்தை விளக்கும்போது, பொருளோடு ஒட்டிவரும் ஐந்து குறைகளைச் சுட்டுகிறார்: அதை ஈட்டுவதில் உள்ள துன்பம், காப்பதில் உள்ள துன்பம், அது தேய்ந்து அழிவது, அதனால் வளரும் பற்று, அதில் கலந்துள்ள ஹிம்சை. இந்த ஐந்தையும் 'கண்டுணர்ந்து' விலக்குவதே அபரிக்கிரகம் என்பது அவர் கருத்து. கவனிக்க வேண்டிய இடம் இது. கண்ணை மூடிக்கொண்டு விலக்கச் சொல்லவில்லை. பார்த்து விலக்கச் சொல்கிறார். ஆகவே மட்டையைப் பார்ப்போம்.

ஈட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல சம்பளம் வாங்குபவருக்கு அது பெரிய துன்பமும் அன்று. காப்பதுதான் தொல்லை. காருக்குள் வைத்தால் வெயிலின் சூடு நரம்பைக் கெடுக்கும். கடற்கரை ஊர்களில் ஈரக்காற்றில் பிடியில் சுற்றிய செயற்கைத் தோல் பிசுபிசுத்து உரியும். ஆகவே உறை, உறைகளை வைக்கப் பெரிய பை, பையை வைக்க அலமாரி, அலமாரிக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொட்டலங்கள். கோவணத்தை எலியிடமிருந்து காக்கப் பூனை வளர்த்து, பூனைக்குப் பாலூட்டப் பசு வாங்கி, கடைசியில் நிலபுலன்களோடு பெரிய சம்சாரியான சாதுவின் கதையைப் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் சொல்லக் கேட்டு நாம் அனைவரும் சிரித்திருக்கிறோம். அந்தக் கதையின் கூர்மை எங்கே இருக்கிறது? அந்தச் சாது ஓர் இடத்திலும் பேராசை கொள்ளவில்லை. ஒவ்வொரு படியும் நியாயமாகவே இருந்தது.

மூன்றாவது குறையான தேய்வைப் பற்றி மட்டை நமக்கு நன்றாகவே பாடம் சொல்கிறது. பயன்படுத்தினால்தான் பொருள் தேயும், வைத்திருந்தால் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறோம். இறகுப்பந்து ஆடுவோர் 'கட்டிங்' என்று சொல்லும் நரம்பு (ஒரு காலத்தில் விலங்கின் குடலிலிருந்து செய்ததால் வந்த பெயர், இன்று பெரும்பாலும் நைலான்) இழுத்துக் கட்டிய நாளிலிருந்தே தளரத் தொடங்குகிறது. ஒரு முறைகூடப் பந்தைத் தொடாத மட்டையிலும் அது தளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் கழித்து எடுத்து அடித்தால் பழைய ஓசை வராது. ஆக, பத்தொன்பது மட்டைகளை வைத்திருப்பவர் உண்மையில் காப்பது பத்தொன்பது தேய்வுகளை. ஆடித் தேய்ந்த நரம்புக்காவது ஒரு காலைப்பொழுதின் மகிழ்ச்சி மிஞ்சுகிறது.

ஹிம்சை? மட்டையில் ரத்தம் தெரிவதில்லைதான். ஆனால் இன்றைய மட்டை கரிநாரும் பிசினும் சேர்ந்து இறுகியது. அதை எளிதில் உருக்கி மறுபடி வார்க்க முடியாது, மண்ணோடு மண்ணாக மக்குவதும் இல்லை. நம் பேரன்மார் காலத்திலும் அது எங்கோ ஒரு குப்பைமேட்டில் கிடக்கும். பந்தின் கதை இன்னும் நேரடியானது. ஒவ்வொரு பந்திலும் வாத்து அல்லது தாரா இனத்தின் பதினாறு இறகுகள் இருக்கின்றன. நாம் அதை வானில் அடித்து மகிழும்போது, ஒரு பறவையின் சிறகு இரண்டாவது முறை பறக்கிறது. இதைச் சொல்லி யாரையும் ஆட்டத்திலிருந்து விலக்க விரும்பவில்லை. எண்ணிப் பார்த்துச் செலவிட வேண்டிய பொருள் என்பதற்காகச் சொன்னேன்.

பற்றுதான் இவற்றுள் நுட்பமானது. அன்பரின் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது.

ஒரே ஒரு மட்டை வைத்திருப்பவர் தோற்றால் என்ன செய்வார்? மறுநாள் கொஞ்சம் முன்னதாக வருவார். கால் எங்கே பின்தங்கியது என்று யோசிப்பார். வேறு வழியில்லை. மட்டை மாறாது, ஆகவே தான் மாறியாக வேண்டும். நாளடைவில் அந்த மட்டையின் எடை அவரது மணிக்கட்டுக்குப் பழகிவிடுகிறது. கையின் நீட்சியாகவே ஆகிவிடுகிறது. பத்தொன்பது மட்டைகள் உள்ளவர் தோற்றால், தோல்விக்கு ஒளிந்துகொள்ளப் பத்தொன்பது இடங்கள் இருக்கின்றன. 'இன்று அதை எடுத்து வந்திருக்கலாம்' என்ற ஒரு நினைப்பு போதும், தன்னைப் பார்க்க வேண்டிய பார்வை அலமாரியைப் பார்க்கத் திரும்பிவிடும். அங்கும் விடை கிடைக்காதபோது இருபதாவது மட்டை வருகிறது.

சாதனம் வேறு, சாதனை வேறு. நம் மொழியில் இவ்விரு சொற்களும் அருகருகே இருப்பதாலோ என்னவோ, ஒன்றை வாங்கினால் மற்றொன்றும் உடன் வரும் என்று மனம் நம்பிவிடுகிறது. உழைத்துப் பெறவேண்டிய திறமையைக் கடையில் பெற முயல்வதுதான் இங்கே நடக்கும் தீங்கு. தீங்கு பிறருக்கன்று; ஆகவே அது கண்ணில் படுவதில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. போட்டிகளில் ஆடும் வீரர் ஐந்தாறு மட்டைகளோடு களமிறங்குகிறார். அவர்கள் நரம்பை மிக இறுக்கமாகக் கட்டுவதால் ஆட்டத்தின் நடுவே அது அறுந்துபோகும். உடனே வேறொன்றை எடுக்க வேண்டும். அவருக்கு ஆறு என்பது தேவை. ஞாயிறு தோறும் ஆடும் எனக்கு மூன்றாவதே உபரி. எண்ணிக்கையைக் கொண்டு யாரையும் பற்றுடையவர் என்றோ பற்றற்றவர் என்றோ தீர்ப்பளிக்க முடியாது. மிதிலையை ஆண்ட ஜனகர் ராஜ்யத்தையே வைத்திருந்தும் பற்றற்று இருந்தார் அல்லவா? இருந்தார். ஆனால் ஜனகரை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அலமாரி நிறைந்தவர்களாகவே இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். காலி அலமாரிக்காரர்களுக்கு அவர் நினைவு ஏனோ வருவதில்லை.

இரவல் வாங்குவோர்

அப்படியானால் சொந்தமாக ஒன்றும் இல்லாமல், வேண்டும்போது பிறரிடம் வாங்கி ஆடுவது அபரிக்கிரகமா?

எந்த ஆட்டக்களத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். தினமும் வருவார், தினமும் யாருடைய மட்டையையாவது கேட்பார். 'எனக்கு எதன்மேலும் ஒட்டுதல் இல்லை' என்று சொல்லவும் செய்வார். ஈட்டும் துன்பம், காக்கும் துன்பம், தேயும் துன்பம் ஆகிய மூன்றையும் அடுத்தவர் தோளில் ஏற்றிவிட்டுப் பயனை மட்டும் எடுத்துக்கொள்வது துறவாகாது. யமங்களின் வரிசையில் அபரிக்கிரகத்துக்கு முன்பே அஸ்தேயம் வந்துவிடுகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். திருப்பித் தர மறந்த இரவல் எந்த நாளில் திருட்டாக மாறுகிறது என்று யாரும் நாள் குறிப்பதில்லை. அது மாறுவது மட்டும் உறுதி.

இதில் சுவையான வழக்கு ஒன்று அடிக்கடி எழும். இரவல் மட்டையால் ஆடும்போது நரம்பு அறுந்துவிட்டது. ஒரு நரம்பு அறுந்தால் மற்றவற்றையும் உடனே வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் இழுவிசை சமமில்லாமல் சட்டம் கோணிவிடும். ஆக, முழுவதும் புதிதாகக் கட்ட வேண்டும். செலவு யாருடையது? பல மாதங்களாக உடையவர் அடித்து நைந்த நரம்பு அது. இன்று விழுந்த அடி கடைசி அடி, அவ்வளவுதான். கடைசிக் காரணத்தின் மீது முழுப் பழியையும் போடுவது நியாயமன்று என்று தர்க்கம் சொல்லும். என் கருத்து வேறு. வாங்கியவர் 'நான் கட்டித் தருகிறேன்' என்று சொல்லவேண்டும். கொடுத்தவர் 'வேண்டாம்' என்று சொல்லவேண்டும். இருவரும் தத்தம் வரியைச் சரியாகச் சொல்லிவிட்டால் அங்கே வழக்கே இல்லை. ஒருவர் மற்றவரின் வரியைச் சொல்லத் தொடங்கும்போதுதான் சண்டை வருகிறது.

இரவலில் மேன்மையான இரவலும் உண்டு. பிரகாஷ் படுகோனே ஆட்டம் பயின்ற இடம் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள கனரா யூனியன் கூடம். அது திருமண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அங்கே ஆட்டம்; கல்யாணம் என்றால் ஆட்டம் இல்லை. உலகப் புகழ் பெற்ற ஓர் ஆட்டக்காரர் மணவறைக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்று வளர்ந்தார் என்பதை எண்ணும்போது மனம் நெகிழ்கிறது. தன்னுடையது அன்று என்ற நினைவோடு ஒன்றைப் பயன்படுத்துபவன் அதன் ஒவ்வொரு மணி நேரத்தையும் மதிக்கிறான். ஈசாவாஸ்ய உபநிஷதம் முதல் மந்திரத்திலேயே இவ்வுலகைப் பயன்படுத்தச் சொல்லும் முறை இதற்கு வெகு தொலைவில் இல்லை. நம் வீடும் உடலும்கூட முகூர்த்தம் வரும்வரை நமக்குக் கிடைத்த கூடங்களே.

கொடுப்பவர் மனத்தையும் சற்றுப் பார்க்கலாம். மட்டையைக் கொடுத்துவிட்டு ஓரத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண் பந்தின் பின்னே போகாமல் மட்டையின் பின்னேயே போகும். ஆடுபவர் அதைத் தரையில் தட்டிவிட்டால் இவருக்கு நெஞ்சில் வலிக்கும். அவதூதர் தாம் குருவாகக் கொண்டவர்களில் ஒருத்தியாக நெல் குத்திய இளம்பெண்ணைச் சொல்கிறார். கையில் வளைகள் பலவாக இருந்தவரை ஓசை. ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைக்கு ஒன்றாக்கியதும் அமைதி. அவர் இதைத் தனிமையின் சிறப்புக்காகச் சொன்னார் என்பது உண்மை. பொருளுக்கும் இது பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அலமாரியில் சத்தமில்லாமல் தொங்கும் மட்டைகள் மனத்துக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டுதான் இருக்கின்றன.

நாளைக்கு வேண்டும் என்பது

சேர்ப்பவரிடம் கடைசியாக எஞ்சும் வாதம் எதிர்காலம். 'பேரனுக்கு ஆகும்', 'இனி இது கிடைக்காது'. 1901இல் காந்தியடிகள் நேட்டாலை விட்டு இந்தியா புறப்பட்டபோது அங்கிருந்த இந்தியர்கள் பொன்னும் வெள்ளியும் வைரமுமாகப் பரிசுகள் வழங்கினர். கஸ்தூரிபாவுக்கென்று விலையுயர்ந்த தங்கச் சங்கிலி ஒன்றும் இருந்தது. அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. அனைத்தையும் சமூகத்துக்கான அறக்கட்டளையாக்குவது என்று முடிவுசெய்து, பத்திரத்தையும் எழுதிவிட்டார். கஸ்தூரிபா அம்மையார் எளிதில் இணங்கவில்லை. எனக்கு வேண்டாம், நாளை வரப்போகும் மருமகள்களுக்கு வேண்டாமா என்று கேட்டார். உங்கள் சேவைக்காகத்தானே தந்தார்கள் என்றபோது, உங்களுக்காக இரவும் பகலும் நான் உழைத்ததும் சேவையில் சேராதா என்றும் கேட்டார். இந்த வாதம் ஒதுக்கத்தக்கதன்று. காந்தியடிகளே அதன் கூர்மையைத் தம் சுயசரிதையில் மறைக்காமல் பதிவுசெய்திருக்கிறார். இறுதியில் நகைகள் அறக்கட்டளைக்கே சென்றன. 1930இல் அதே பூனா நகரத்து எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்கு விரதங்களைப் பற்றி வாரந்தோறும் அவர் எழுதிய கடிதங்களில், தேவையற்றதை வைத்திருப்பதையும் களவோடு சேர்த்தே எண்ணினார்.

மருமகள்களுக்கான நகையாவது முப்பது ஆண்டு கழித்தும் தங்கமாகவே இருந்திருக்கும். பேரனுக்கென்று வைத்த மட்டை, அவன் வளரும்போது நரம்பு தளர்ந்து, பிடி உரிந்து நிற்கும். எதிர்காலத்தின் பெயரால் நாம் சேர்ப்பவற்றில் பல, எதிர்காலம் வரை வருவதே இல்லை.

உடைமையை இதற்கு நேர்மாறாகக் கையாண்டவர்களும் நம்மிடையே உண்டு. கோபிசந்த் 2001 வெற்றிக்குப் பின் தேடிவந்த குளிர்பான விளம்பரத்தை மறுத்தார். தாம் அருந்தாததைப் பிறரை அருந்தச் சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை. பிறகு ஹைதராபாத்தில் பயிற்சிக்கூடம் எழுப்பத் தம் வீட்டையே அடமானம் வைத்தார். 2008இல் அது தொடங்கியது; சாய்னாவும் சிந்துவும் அங்கே பயின்றவர்கள். வீடு அவருடையதாகவே இருந்தது. ஆனால் அது ஒரு வேலைக்குக் கருவியானது. பொருள் நம்மிடம் இருப்பதும் பொருளிடம் நாம் இருப்பதும் எங்கே பிரிகின்றன என்று கேட்டால் இந்த இடத்தைக் காட்டலாம்.

இத்தனையும் மட்டையைப் பற்றியதாக மட்டும் இருந்தால் இந்த இதழின் பக்கங்களை நான் எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். நம் பூஜை அறைக்குள் செல்வோம். கீதைக்கு எத்தனை உரைகள் வைத்திருக்கிறோம்? ருத்திராட்சம், துளசி, ஸ்படிகம் என்று எத்தனை மாலைகள்? கேட்காத சொற்பொழிவுகள் எத்தனை மணி நேரம் சேமிப்பில் கிடக்கின்றன? ஒரு முகாமில் கற்ற தியான முறை ஒரு மாதத்தில் சலித்ததும் அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுக்கிறோம். மனம் அடங்காதபோது மந்திரத்தின் மீது ஐயம் வருகிறது. 'எனக்கு ஏற்றது இது இல்லையோ' என்ற அந்த நினைப்புக்கும் 'இன்று வேறு மட்டையை எடுத்து வந்திருக்கலாம்' என்ற நினைப்புக்கும் வேறுபாடு காண்பது அரிது. பல இடங்களில் சில அடிகள் தோண்டித் தண்ணீர் காணாமல் விட்டவனைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். ஆனாலும் மண்வெட்டியின் மீது குறை சொல்லாமல் நம்மால் இருக்க முடிவதில்லை.

நாக்பூர் அன்பர் சென்ற ஆண்டு, தாம் ஆடும் களத்துக்கு அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குப் பன்னிரண்டு மட்டைகளைக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அவர் செய்த ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. கீதையின் பதினேழாம் அத்தியாயத்தில் தானம் இடமும் காலமும் பெறுபவரின் தகுதியும் அறிந்து செய்யப்படவேண்டும் என்று வருகிறதே, அதை அவர் மட்டைக்கும் பொருத்திப் பார்த்தார். தமக்குக் கட்டியிருந்த இறுக்கத்தில் குழந்தைகள் அடித்தால் பந்து போகாது, தோளும் நோகும். ஆகவே பழைய நரம்பை வெட்டி எறிந்துவிட்டு, பன்னிரண்டுக்கும் இளகலாகப் புதிய நரம்பு கட்டினார், பிடிகளையும் மாற்றினார். அதற்கான செலவில் நல்ல மட்டை ஒன்றை அவர் வாங்கியிருக்கலாம். அலமாரியில் இப்போது ஏழு இருக்கின்றன. ஏழும் தேவையா என்று நான் கேட்கவில்லை. அவற்றில் ஒன்று அவருடைய தந்தை ஆடிய மர மட்டை; மரம் கோணாமலிருக்க நான்கு மூலைகளிலும் திருகாணி வைத்த சட்டத்துக்குள் இறுக்கி வைத்திருக்கிறார். அதை அவர் களத்துக்கு எடுத்துச் செல்வதில்லை, ஆயுத பூஜை அன்று மட்டும் வெளியே எடுத்துத் துடைத்துச் சந்தனம் இடுகிறார்.